பெயரிலார்க்குப் புகலிடம்

பிரித்தானியாவில் 1983 நவம்பரில் ‘நௌ தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்’ என்னும் இசைத்தட்டுத் தொகை வெளிவந்தது. பல பாடகரின் வெற்றிப் பாடல்களை ஒருங்கே தாங்கிய அது விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இத்தகைய தொகைகள் பெருகித் தனிப்பாடகரின் தட்டுகளைப் பின்தள்ளவே, 1989 சனவரியில் அவற்றுக்கெனத் தனிப்பட்டியல் வகுத்தனர். தனிப்பாடகர்க்கு அது நீதியே.

ஆயின், புகழ் வாய்ந்த பாடல்களைத் திரட்டுவது மட்டுமோ தொகையின் பணி? பெயர் தெரியாப் புலவரையும் நம் முன்னோர் விலக்கினாரல்லர். பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிச் ‘செம்புலப்பெயனீரார்’ எனக் குறுந்தொகையில் இடமளித்தனர்.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறித்தோர் பாடிய பாடல்களுக்கோ ஆக்கியோர் பெயரே இல்லை. மலையகப் பாடல்கள் பலவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அரிதின் முயன்று தொகுத்தார். அவர் கைக்கு எட்டாதன இன்னும் எத்துணையோ!

மாணவர்காள்! ஹந்தானையிலும் கலஹாவிலும் முதியோர் நாவில் எஞ்சியவற்றை இன்றே கேட்டு எழுதுங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறவாது குறியுங்கள். அத்தொகை எப்பட்டியலிலும் முதலிடம் பெறாது. ஆனால் நும் பாட்டியின் குரல் நும் பிள்ளைகளுக்குக் கிட்டும்.