கரை ஏறிய நீர்மூழ்கிக் கப்பல்
விசாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு பிற்பகல்

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்கு முதன்முதலாகப் போகிறவர்கள், சாலையில் இருந்தே அதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுவார்கள்.

கடலுக்குள் கிடக்க வேண்டிய கப்பல், மணல் மீது நிற்கிறது. கன்னங்கரேல் என்று, ஒதுங்கிய திமிங்கலம் போல. நீளம் 91 மீட்டர். ரெயிலில் நான்கு பெட்டிகளைக் கோத்து நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு.

அதன் பெயர் "ஐ.என்.எஸ். குர்சுரா". ரஷியாவில் (அப்போதைய சோவியத் யூனியன்) கட்டப்பட்டு, 1969-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி இந்தியக் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கிக் கப்பல். 31 ஆண்டுகள் உழைத்தது. 73 ஆயிரத்து 500 கடல் மைல் ஓடியது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி ஓய்வு பெற்றது.

ஓய்வு பெற்ற கப்பல்களுக்கு வழக்கமாக என்ன கதி? உடைத்து, பழைய இரும்பாக விற்றுவிடுவார்கள். குர்சுராவுக்கு அந்தக் கதி நேரவில்லை. கடலில் இருந்து இழுத்துக் கரை ஏற்றி, மேடை அமைத்து நிறுத்தி, காட்சியகம் ஆக்கினார்கள். 2002-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி அன்றைய ஆந்திர முதல்-மந்திரி சந்திரபாபு நாயுடு திறந்துவைத்தார்.

உள்ளே நுழைந்தால்...

டிக்கெட் வாங்கி, படிக்கட்டில் ஏறி, ஒரு முனையில் உள்ளே போய் மறுமுனையில் இறங்க வேண்டும். வழிகாட்டிகளாக இருப்பவர்கள் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இதுதான் இந்தக் காட்சியகத்தின் பெரிய சொத்து. எழுதிவைத்த பலகையைப் படித்துவிட்டு நகர்வது வேறு. "இந்தச் சக்கரத்தை இப்படித்தான் திருப்புவோம்" என்று கையை வைத்துக் காட்டுகிறவர் சொல்லிக் கேட்பது வேறு.

தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் சொல்கிறார்கள். தமிழர்களுக்கு அவர்கள் தெலுங்கே பாதி புரிந்துவிடும். புரியாததைக் கேட்டால் மறுபடியும் சொல்வார்கள். ஆனால் கூட்டம் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். விடுமுறை நாளில் போனால் பத்தே நிமிடத்தில் வெளியே வந்து நிற்க வேண்டியதுதான். வார நாளில் போனால் ஆற அமரப் பார்க்கலாம்.

கப்பலுக்குள் ஏழு அறைகள். ஓர் அறையில் இருந்து அடுத்த அறைக்குப் போக, வட்டமான ஓட்டை. தலையைக் குனிந்து, ஒரு காலை முதலில் உள்ளே விட்டு, பிறகு உடம்பை நுழைக்க வேண்டும். பருத்த உடம்புக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால், அந்த ஓட்டையின் இரும்புக் கதவை இறுக மூடி மற்ற அறைகளைக் காப்பாற்றுவதற்காகவே இந்த ஏற்பாடு. மூடிய அறைக்குள் மாட்டிக்கொண்டவர்கள்? அதற்கு வழிகாட்டிகள் பெரும்பாலும் பதில் சொல்லுவது இல்லை. அடுத்த அறைக்கு நடந்துவிடுகிறார்கள்.

முதல் அறையில் டார்பிடோக் குழாய்கள். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு. மொத்தம் 22 டார்பிடோக்களைச் சுமந்து செல்லும். அந்தக் குண்டுகளுக்குப் பக்கத்திலேயே மாலுமிகளின் படுக்கை.

படுக்கை என்றால் ரெயில் பெர்த்தைவிட ஒடுக்கமானது. புரண்டு படுத்தால் மேல் பலகை தோளில் இடிக்கும். அதிகாரிகள் 8 பேர், மாலுமிகள் 67 பேர், ஆக 75 பேர் இந்த இரும்புக் குழாய்க்குள் வாரக் கணக்கில் இருந்தார்கள். அந்தக் கால நீர்மூழ்கிக் கப்பல்களில் ஆளுக்கு ஒரு படுக்கை என்ற பேச்சே கிடையாது. ஒருவன் வேலைக்கு எழுந்து போனதும், அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் வந்து படுப்பான்.

மும்பையில் ஒரே அறையில் பத்துப் பேர் தங்கி, பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுத்த காலம், இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அவர்களுக்கு இதை விளக்கவேண்டியது இல்லை. ஒரே வித்தியாசம்: அறையில் மூச்சு முட்டினால் வெளியே வந்து தெருக்கோடி வரை நடக்கலாம். இங்கே வெளியே கடல்.

"குளிக்க மாட்டாங்களா சார்?"

சிறுவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். குளியல் என்பது கரைக்கு வந்த பிறகு.

சமையல் அறை, நம் ஊர் ஒண்டுக்குடித்தனச் சமையல் அறையைவிடச் சிறியது. அதில்தான் 75 பேருக்கும் சமையல். அதற்கு அடுத்து என்ஜின் அறை. மூன்று டீசல் என்ஜின்கள், மூன்று மின் மோட்டார்கள், மூன்று சுழல் விசிறிகள். கப்பல் கடல் மட்டத்தில் ஓடும்போது டீசல் என்ஜின் ஓடும். அதுவே பேட்டரிகளுக்கும் மின்சாரம் ஏற்றும். மூழ்கிய பிறகு டீசல் என்ஜினுக்குக் காற்று கிடையாது. பேட்டரி மின்சாரத்தில், சத்தம் இல்லாமல் ஓடவேண்டும். பேட்டரி தீர்ந்துவிட்டால் மேலே வந்தே ஆகவேண்டும். எதிரி காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான்.

மூழ்குவதும் எழுவதும் எப்படி? வெறும் குடம் மிதக்கும். தண்ணீர் நிறைந்த குடம் மூழ்கும். அவ்வளவுதான். கப்பலின் பக்கங்களில் உள்ள தொட்டிகளில் கடல் நீரை நிரப்பினால் கீழே போகும். அழுத்தி அடைத்துவைத்த காற்றைத் திறந்துவிட்டு அந்த நீரை வெளியே தள்ளினால் மேலே வரும்.

சினிமா வேறு, சரித்திரம் வேறு

குர்சுராவைப் பார்க்க வருகிறவர்களில் பலர், 2017-ல் வெளிவந்த "காஸி" படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பாகிஸ்தானின் "காஸி" நீர்மூழ்கிக் கப்பலை இந்திய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலுக்கு அடியிலேயே துரத்தி மூழ்கடித்ததாகக் கதை. "அந்தக் கப்பல் இதுதானே?" என்று கேட்கிறார்கள்.

இது அல்ல. 1971 போரின்போது குர்சுரா பணியாற்றியது மேற்கே, அரபிக் கடலில். காஸி அழிந்தது வங்கக் கடலில், இதே விசாகப்பட்டினத்தின் வாசலில். அதில் இந்திய நீர்மூழ்கிக் கப்பல் எதுவும் சம்பந்தப்படவில்லை.

நடந்தது சினிமாவைவிடச் சுவையானது.

அப்போது இந்தியாவின் ஒரே விமானம் தாங்கிக் கப்பல் "விக்ராந்த்". வங்கக் கடலில் நின்றது. அதைத் தேடி மூழ்கடிப்பதற்காகக் காஸி 1971 நவம்பர் 14-ந் தேதி கராச்சியில் இருந்து புறப்பட்டது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்தது. காஸி அமெரிக்காவில் கட்டப்பட்ட கப்பல். அங்கே அதன் பெயர் "டயப்ளோ". 1964-ல் பாகிஸ்தானுக்குக் கை மாறியது.

கிழக்குக் கடற்படையின் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலேயே வீரப் பதக்கம் வாங்கியவர். காஸி வருகிறது என்று தெரிந்ததும் அவர் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டார். ஆனால் அது விசாகப்பட்டினத்தில் இருப்பது போலவே நாடகம் ஆடினார்.

"ராஜ்புத்" என்ற பழைய போர்க் கப்பலை விக்ராந்த் போல நடிக்கவைத்தார். அதில் இருந்து ஏராளமான வயர்லெஸ் செய்திகள் பறந்தன. பெரிய கப்பலுக்குத் தேவையான அளவுக்கு உணவுப் பொருள்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. விக்ராந்தில் உள்ள ஒரு மாலுமி, உடல் நலம் இல்லாத தன் தாயைப் பற்றி விசாரிப்பது போல, சங்கேத மொழி இல்லாமல் வெளிப்படையாக ஒரு செய்தியும் அனுப்பப்பட்டது. தாய்க்கு உடம்பு சரியில்லை என்ற தந்தியைப் பொய் என்று யார் சந்தேகிப்பார்கள்?

டிசம்பர் 3-ந் தேதி மாலை போர் மூண்டது. அன்று நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. எதிரே தண்ணீர் கொந்தளிப்பதைக் கண்ட அதன் தலைவர் இந்தர்சிங், ஆழத்தில் போய் வெடிக்கும் இரண்டு குண்டுகளை வீசச் சொன்னார். சில நிமிடங்களில் பயங்கர வெடிச் சத்தம். கரையில் உள்ள வீடுகளின் ஜன்னல்கள் அதிர்ந்தன. பிறகு மீனவர்கள் கடலில் மிதந்த பொருள்களை எடுத்துவந்து கொடுத்தார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்து, காஸிதான் என்று உறுதி செய்தார்கள். அதில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ராஜ்புத்தின் குண்டால் அழிந்தது என்பது இந்தியா சொல்வது. தான் வைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது அல்லது உள்ளேயே வெடி விபத்து நேர்ந்தது என்பது பாகிஸ்தான் சொல்வது. பேட்டரியில் இருந்து கிளம்பும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடித்திருக்கலாம் என்பாரும் உண்டு. குர்சுராவின் பேட்டரிகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, அதுவும் நடக்கக்கூடியதுதான் என்று தோன்றும். எது எப்படி ஆயினும் விக்ராந்த் தப்பியது. டிசம்பர் 4-ந் தேதியே அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு வீசின.

வெற்றி மட்டும் அல்ல

காஸி இன்றும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் அதன் சிதைவைக் கண்டறிந்ததாக 2024-ல் செய்தி வந்தது. உள்ளே இறந்தவர்களுக்கு மரியாதையாக, அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடலில் இன்னொரு நீர்மூழ்கிக் கப்பலும் உண்டு. அது ஜப்பானியர்களுடையது. "ரோ-110" என்று பெயர். 1944 பிப்ரவரியில் இந்தியக் கப்பல் "ஜம்னா"வும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து அதை மூழ்கடித்தன. அதற்கும் முன்னால், 1942 ஏப்ரல் 6-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரில் குண்டு வீசியது உண்டு. அப்போது விழுந்த குண்டு ஒன்று இதே கடற்கரைச் சாலையில் உள்ள விசாகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குர்சுராவில் இருந்து இறங்கி, கடற்கரைச் சாலையில் கொஞ்சம் நடந்தால் "கடலில் வெற்றி" என்ற போர் நினைவுச் சின்னம். 1996-ல் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 4-ந் தேதி, கடற்படை தினத்தன்று, இங்கே மலர் வளையம் வைக்கிறார்கள். விமானமும் பீரங்கியும் நிறுத்தியிருக்கிறார்கள். மாலை நேரத்தில் கூட்டம் அலைமோதும். பெரும்பாலோர் பீரங்கி அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி வாங்கப் போய்விடுகிறார்கள்.

"வெற்றி" என்ற சொல்லைப் படிக்கும்போது, அதே போரில் இந்தியா கொடுத்த விலையும் நினைவுக்கு வரவேண்டும். டிசம்பர் 9-ந் தேதி, தியூ தீவுக்கு அப்பால், நம்முடைய "குக்ரி" போர்க் கப்பலை பாகிஸ்தானின் "ஹங்கோர்" நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வெளியேறவில்லை. அதனோடு போனார். அவர்களுக்கான நினைவுச் சின்னம் தியூவில் இருக்கிறது. அங்கே போகிற தமிழர்கள் குறைவு.

அரக்கோணத்து விமானம்

குர்சுராவுக்கு எதிரே, சாலையின் மறுபுறம், "டி.யு.-142" என்ற ராட்சத விமானம். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி வேட்டையாடும் விமானம் இது. வேட்டைக்காரனையும் வேட்டைப் பொருளையும் எதிர் எதிரே நிறுத்தியிருக்கிறார்கள்! இந்த விமானம் நமக்கு வேற்றாள் அல்ல. அரக்கோணம் கடற்படை விமானத் தளத்தில் இருந்து பல ஆண்டுகள் பறந்தது. 2017 மார்ச் மாதம் அங்கேதான் ஓய்வு கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அன்றைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் இங்கே காட்சியகமாகத் திறந்துவைத்தார்.

விக்ராந்த் என்ன ஆயிற்று? அது மும்பைவாசிகளுக்குத் தெரியும். 1997-ல் ஓய்வு பெற்று, மும்பைத் துறைமுகத்தில் மிதக்கும் காட்சியகமாக நின்றது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியவர்கள் உண்டு. பாதுகாப்பு இல்லை என்று 2012-ல் மூடினார்கள். பராமரிக்கப் பணம் இல்லை என்றார்கள். 2014-ல் ஏலத்தில் விற்று உடைத்தார்கள். காஸி எந்தக் கப்பலைத் தேடி இலங்கையைச் சுற்றி வந்ததோ, எந்தக் கப்பலைக் காப்பாற்ற அத்தனை நாடகம் நடந்ததோ, அந்தக் கப்பல் பழைய இரும்பாகப் போயிற்று. அதைவிடப் பெரிய நகரமும் பணமும் மும்பையில் இருந்தன. விசாகப்பட்டினத்தில் மனம் இருந்தது.

போவது எப்படி?

மும்பையில் இருந்து கோனார்க் எக்ஸ்பிரஸ் விசாகப்பட்டினம் வழியாகப் போகிறது. சென்னையில் இருந்து ஹவுரா மெயில் இருக்கிறது. ரெயில் நிலையத்தில் இருந்து ஆட்டோவில் கடற்கரைக்குப் போய்விடலாம். திங்கட்கிழமை குர்சுராவுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பிற்பகலில் போவது நல்லது. முதலில் நீர்மூழ்கிக் கப்பல், பிறகு விமானம், வெயில் தாழ்ந்ததும் நினைவுச் சின்னம் என்று வைத்துக்கொண்டால் அரை நாளில் முடிந்துவிடும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கப்பலுக்குள் போகாமல் வெளியே உட்கார்ந்து கொள்வது உத்தமம். அந்த வட்ட ஓட்டைகளில் பாதி வழியில் திரும்பி வர இடம் கிடையாது.