பாதரச அடைப்புக்கு 2034-ல் விடை: மாற்றாக வரும் பசை தாங்குமா?

புது தில்லி: சொத்தைப் பல்லை அடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வரும் பாதரசக் கலவையின் காலம் முடிவுக்கு வருகிறது. ஜெனீவாவில் 2025 நவம்பரில் நடைபெற்ற மினமாட்டா உடன்படிக்கை நாடுகளின் 6-வது மாநாடு, பல் மருத்துவத்தில் அதன் பயன்பாட்டை 2034-ஆம் ஆண்டுக்குள் கைவிடுவதென முடிவு செய்தது. உடன்படிக்கையில் 2014-ல் கையெழுத்திட்டு, 2018-ல் முறைப்படி ஏற்றுக்கொண்ட இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு.

பாதரசம் நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அதன் இடத்துக்கு வரும் வெள்ளை நிற காம்போசிட் அடைப்பு எத்தனை ஆண்டுகள் பல்லில் நிற்கும் என்பதே எளிய மக்களைப் பொருத்தவரை முதன்மையான கேள்வி.

ராகு, கேது பரிகாரத்துக்காகத் தமிழக பக்தர்கள் திரளும் காளஹஸ்தியையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முன்பு சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள ஊர் இது. இதன் சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர், பல் மருத்துவக் கல்லூரி உள்ள திருப்பதிக்குச் செல்ல ஏறத்தாழ 40 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து அடைத்துக்கொண்ட பல் மீண்டும் சொத்தையானால், மறுமுறை அவர் செல்வது பெரும்பாலும் அந்தப் பல்லைப் பிடுங்குவதற்காகத்தான் இருக்கும்.

ஒட்டும் விதம்

பாதரசக் கலவை பல்லில் ஒட்டுவதில்லை. குழியின் வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்குமாறு குடைந்து அடைப்பதால் அது கழலாமல் நிற்கிறது. காம்போசிட் அப்படியல்ல, அதைப் பல்லோடு பிணைப்பது இடையே பூசப்படும் மிக மெல்லிய பசைப் படலமே.

அமில மேற்பூச்சால் எனாமலில் நுண்குழிகளை உண்டாக்கினால் பிசின் அதில் இறுகப் பற்றும் என்பதை அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் 1955-ல் காட்டினார். எனாமல் பெரும்பாலும் தாதுப்பொருளால் ஆனது என்பதால் அங்கு பிணைப்பு உறுதியாக அமைகிறது. அதற்கு அடியில் உள்ள டென்டினிலோ ஈரமும் கொலாஜன் இழைகளும் மிகுதி. இந்த இழைகளுக்குள் பிசின் ஊடுருவிக் கலப்புப் படலம் உருவாவதை ஜப்பானின் நகபயாஷி 1982-ல் விளக்கினார்.

சிக்கல் இந்தப் படலத்தில்தான் உள்ளது. பிசின் முழுமையாகச் சென்றடையாத இழைகள் வெறுமையாக நின்றுவிடுகின்றன. நாளடைவில் நீர் பிசினைச் சிதைக்கிறது. டென்டினிலேயே உறைந்திருக்கும் நொதிகள் அமிலத்தால் தூண்டப்பட்டு இழைகளை அரிக்கின்றன. வெளியே அடைப்பு பளபளப்பாக இருக்க, உள்ளே இடைவெளி விழுந்து கிருமிகள் புகுகின்றன. முதல் நாளில் உறுதியாக இருக்கும் பிணைப்பு, ஓராண்டு நீரில் ஊறிய பின் வலுவிழப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன.

கடைவாய்ப் பற்களில் இருவகை அடைப்புகளையும் ஒப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டு மதிப்பாய்வில், காம்போசிட் தோல்வியடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு எனத் தெரியவந்தது. அதில் கணக்கில் கொள்ளப்பட்ட ஆய்வுகள் பழையவை; அதன் பின் பசைகள் மேம்பட்டுள்ளன என்பதும் உண்மை.

பொறுமையே ஆயுள்

பசையின் ஆயுள் புட்டியில் மட்டும் இல்லை. அமிலம், முன்பூச்சு, பிசின் எனத் தனித்தனியே பூசும் மூன்று படி முறையும், மென்மையான இரு படி முறையும் நீண்ட கால ஆய்வுகளில் நன்கு நிலைத்துள்ளன. எல்லாவற்றையும் ஒரே பூச்சில் முடித்த தொடக்க காலப் பசைகள் பின்தங்கின. எச்சில் படாமல் ரப்பர் திரையிட்டுப் பல்லைப் பிரித்து வைப்பதும், கரைப்பான் ஆவியாகும் வரை காற்றடிப்பதும், போதிய நேரம் ஒளி பாய்ச்சுவதும் கட்டாயம். ஒரே நாளில் வரிசையில் நிற்கும் நூறு பேரைப் பார்த்து முடிக்கும் முகாம்களில் இந்தப் பொறுமைக்கு இடமிராது.

வெயிலும் ஒரு தடை. அசிட்டோன் அல்லது ஆல்கஹால் கலந்த பசைகள் சூட்டில் வீரியம் இழக்கக் கூடியவை. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இப்பகுதியில், மின்தடையின்போதும் அவற்றைக் குளிர்ச்சியாகக் காப்பது எளிதல்ல.

தனிப் பசை தேவைப்படாமல் பல்லோடு வேதிமுறையில் பிணையும் கிளாஸ் அயனோமர் சிமென்ட், கிராமங்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். மின்சாரம் இல்லாமல் கைக்கருவிகளைக் கொண்டே அதை அடைக்கலாம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. எனினும் மெல்லும் விசை மிகுந்த பெரிய குழிகளில் அது தேய்ந்துவிடும்.

மருத்துவக் கருவிகள் அனைத்தும் 2020 ஏப்ரல் முதல் மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. விற்பனைக்கு உரிமம் வழங்குவது ஒன்று. வாயில் அது எத்தனை ஆண்டுகள் நிற்கிறது என்று கணக்கெடுப்பது வேறொன்று. குறைந்த விலையை மட்டுமே பார்த்துக் கொள்முதல் செய்தால், அந்த விலை வேறுபாட்டைப் பின்னர் நோயாளியே தன் பல்லால் ஈடுகட்ட நேரிடும்.

பாதரசத்தைக் கைவிடத் தேதி குறித்தாயிற்று. அரசு மருத்துவமனைகளுக்குத் தரமான பசை, குளிர்பதன வசதி, பயிற்சி, ஒரு பல்லுக்குப் போதிய நேரம் ஆகியவற்றை அதற்குள் அளிக்கவும் தேதி குறித்தால்தான், காளஹஸ்தி கூலித் தொழிலாளியின் பல் தப்பும்.