பச்சை குத்துமுன் ஒரு யோசனை

கோடையில் மொன்றியல் துறைமுகக் கரையில் உலாவுவோரின் கைகளிலும் கால்களிலும் பச்சை குத்திய படங்களைக் காணலாம். நம் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை உண்டு. வழக்கம் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் குறத்தியர் விளக்குக் கரியைக் குழைத்துப் பெண்களின் கைகளில் ஊசியால் கோலம் குத்தினர்.

ஊசி மையைத் தோலின் உட்படையில் இறக்குகிறது. அங்குள்ள உயிரணுக்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்வதால் அது அழிவதில்லை. லேசர் சிகிச்சையும் பல தடவை வேண்டும். முற்றாகப் போகுமென்ற உறுதியில்லை.

இந்நகரில் வாழ்ந்த ரிக் ஜெனெஸ்ட் (1985–2018) இளவயதில் மூளைக் கட்டியிலிருந்து பிழைத்தவர். 16 வயதில் அவர் குத்திய முதற்படம் மண்டையோடு. பின்பு உடல் முழுவதும் எலும்புக்கூடாயிற்று. சாவை அருகிற் கண்டவருக்கு அதில் ஒரு பொருள் இருந்திருக்கும். பார்த்து ஆசைப்படுவோருக்கு அது வெறும் படமே.

ஆகவே ஓராண்டு பொறுங்கள். அப்போதும் விருப்பம் மாறாவிடில் சிறிதாகத் தொடங்குங்கள். நெருக்கமான கோடுகளும் சிற்றெழுத்தும் காலப்போக்கில் கலங்கிவிடும். ஓங்காரத்தைக் காலில் குத்தினால் வீட்டுப் பெரியோர் மனம் நோகும். பிறருக்குப் பயன்படுத்திய ஊசி ஈரல் அழற்சிக் கிருமியைப் பரப்பும். புதிய ஊசியையே கேளுங்கள்.

தோல் ஒருநாள் சுருங்கும். அன்றும் பேரப்பிள்ளைக்கு விளக்கம் சொல்ல நாணாத படம் எதுவோ, அதுவே தக்கது.