புரி அழிந்த துளை

பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்கோ குறிகட்டுவானுக்கோ போகும் தெருவில் பல இடங்களில் இரு பக்கமும் கடல். அந்த உப்புக் காற்றில் எழுபது வருடம் நின்ற கார் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற். 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை அப்படிக் காப்பாற்றிவிட்டோம். கீழே உள்ள இரும்புச் சட்டத்தைத்தான் துரு தின்கிறது, அதிலும் முதலில் போல்ட் துளைகளை.

துளைக்குள் போன ஈரம் இலகுவில் உலராது. இரும்பு துருவாகும்போது பருத்து, போல்ட்டைக் கவ்விப் பிடிக்கும். ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் புரியும் சேர்ந்து உரிந்து வரும்.

ஆனால் துருவைவிட அதிகம் கெடுப்பது பொருந்தாத போல்ட் என்பேன். பழைய பிரித்தானிய வித்வேர்த் புரியின் கோணம் 55 பாகை. 1948இல் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா மூன்றும் ஒப்புக்கொண்ட பொதுப் புரிக்கு 60 பாகை. 1950களின் கார்களில் இரண்டும் கலந்திருக்கலாம். பொதுப் புரியின் நுண்வகையில் 5/16 அங்குல போல்ட்டுக்கு விட்டம் 7.94 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 24 சுற்று. இன்று கடையில் வாங்கும் 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 20 சுற்றுத்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கையால் ஓரிரு சுற்று ஏறவும் செய்யும். அதன்பின் ஸ்பானரால் வலிந்து ஏற்றினால் துளை நாசம்.

அடுத்த பருமனுக்குத் துளையைப் பெருப்பித்து, பெரிய போல்ட் போடுவது பலர் செய்யும் வேலை. வேண்டாம். விளிம்பில் இரும்பு குறையும். அடுத்த தடவை பெருப்பிக்க இடமே இராது. தடித்த இரும்பென்றால் துளையைச் சற்றுப் பெருப்பித்துப் புதுப் புரி வெட்டி, துருப்பிடியா உருக்குக் கம்பிச் சுருளைச் செலுத்தலாம். உள்ளே பழைய அளவுப் புரியே திரும்பக் கிடைக்கும். பெட்டிபோல் மடித்த தகட்டுச் சட்டத்துக்கு அது உதவாது. 3 மில்லிமீற்றர் தகட்டில் மூன்று சுற்றுப் புரிகூட நிற்காதே! அதனால்தான் அங்கே நட்டை உள்ளே ஒட்டியிருப்பார்கள். அது கழன்று சுழன்றால், லேத்தில் தடித்த குழாய்த் துண்டொன்றைக் கடைந்து, உள்ளே பழைய அளவுப் புரி வெட்டி, சட்டத்தை ஊடறுத்துச் செருகி, இரு பக்கமும் வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முதல் சுற்றிலும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகடு உதிர்ந்தால் முதலில் அதை வெட்டி, நல்ல தகடு வைத்து ஒட்ட வேண்டும்.

புதுப் போல்ட்டுக்குக் கிறீஸ் பூசி, முதல் சில சுற்றுக்களை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு இறுகினால் அங்கேயே நிறுத்தி, புரியை அளந்து பாருங்கள்.