பெருவியாதியும் நம் கடமையும்

2021-ம் வருஷம் அக்டோபர் மாதம் காலஞ்சென்ற டாக்டர் ஸ்ரீமதி இந்திரா நாத் அவர்களின் பெயரைப் புதுக்கடையிலும் சுற்றுப்புறங்களிலும் அறிந்தோர் வெகு சிலரே. தேசத் தொண்டென்றால் மேடையும் ஊர்வலமும் என்றே எண்ணிப் பழகிய நாம், ஆராய்ச்சிசாலையில் ஓசையின்றி நிகழும் தொண்டை மறந்துவிடுகிறோம்.

1938-ல் பிறந்த இவ்வம்மையார் டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தில் பட்டம் பெற்றவர். 1970-களில் உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் சென்று, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைப் பற்றிய சாஸ்திரத்தைக் கற்றார். அந்நாளில் பாரத நாட்டில் பெருவியாதியால் வருந்தியோர் சுமார் 45 லட்சம் பேர். கற்ற வித்தை அவர்களுக்கே பயன்பட வேண்டுமென்று அம்மையார் தாய்நாடு திரும்பினார்.

ஒரே கிருமி ஒருவருக்கு உணர்ச்சியற்ற இரண்டொரு தேமலோடு நின்றுவிடுகிறது. மற்றொருவருக்கு உடலெங்கும் பரவுகிறது. காரணம் யாது? எதிர்ப்புப் படையை ஏவவேண்டிய டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள், பின்னவரிடத்தில் இக்கிருமியைக் கண்டும் வாளா இருந்துவிடுகின்றன. அம்மௌனத்தின் காரணத்தையும், நரம்புகள் பாழாகும் விதத்தையும் ஆராய்வதே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. அக்கழகத்தில் உயிர்த் தொழில்நுட்பத் துறையை நிறுவியவரும் அவரே. 1983-ல் பட்நாகர் பரிசும், 1999-ல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன.

பல நாட்டு விஞ்ஞானிகளின் உழைப்பால் சாஸ்திரம் தன் கடமையைச் செய்திருக்கிறது. 1980-களில் வழக்கத்திற்கு வந்த கூட்டு மருந்துகள் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்திற்குள் நோயைத் தீர்க்கின்றன. சட்டமோ ஆமைபோல் நகர்ந்தது. நோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க வெள்ளையர் இயற்றிய 1898-ம் வருஷத்துச் சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. இந்நோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் உரிமை 2019 வரை சட்டப் புத்தகத்தில் இருந்துவந்தது. மருந்தால் குணமானவரையும் சட்டம் தள்ளிவைத்தது என்றால், அதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

சட்டம் மாறியும் ஜனங்களின் மனம் மாறவில்லை. பதினாயிரம் பேரில் ஒருவருக்குங் கீழாக நோய் குறைந்துவிட்டதென்று 2005-ல் சர்க்கார் அறிவித்தனர். ஆயினும் உலகில் புதிதாகக் காணப்படும் நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னமும் நம் நாட்டினரே. அச்சத்தாலும் நாணத்தாலும் தேமலை மறைத்து, விரல் மடங்கிய பிறகே பலர் வைத்தியரை நாடுகின்றனர். மருந்து நோயைத் தீர்க்கும். பாழான நரம்பை மீட்பது அரிது.

ஊழியம் செய்ய விரும்பும் அன்பர்களே! ஊர் ஊராகச் சென்று, உணர்ச்சியற்ற தேமல் கண்டவரை அன்போடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்துக்குக் காசில்லை. அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி இதுவே.