பணம் யாருடைய பெயரில் வந்து சேர்கின்றது?

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் சிறப்பு, அந்நிலையத்தைக் கடந்து செல்லும் பாதையே சுற்றி வளைந்து சென்று, சுரங்கம் வழியாக அந்நிலையத்துக்குக் கீழாகவே செல்வதாகும். 1924இல் பதுளை வரை நீண்ட இப்பாதை நெடுங்காலமாகத் தேயிலையையும் தோட்ட மக்களையுமே அதிகம் சுமந்தது. இன்று எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வெளிநாட்டார் நாள்தோறும் வருகின்றனர். அவர்களை நம்பித் தேநீர்க் கடைகளும், இரண்டு மூன்று அறைகள் கொண்ட தங்குமிடங்களும், தேயிலைப் பொதியும் வாசனைத் திரவியமும் விற்கும் சிறு கடைகளும் தோன்றியுள்ளன. வருபவர்களுள் பலரின் கையில் காசு இல்லை. அட்டையோ கையடக்கத் தொலைபேசியோதான் உண்டு.

இதனால் ஊவாவின் சிறு முயற்சியாளர்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. இணையவழியாகப் பணம் பெறுவதற்கு எந்த நிறுவனத்தை நாடுவது? பதுளையிலும் பண்டாரவளையிலும் புடைவைக் கடை நடத்தும் முஸ்லிம் வர்த்தகர் முதல், வீட்டிலேயே தையல் வேலை செய்து முகநூல் வழியாக விற்கும் தோட்டத்துப் பெண் வரை இதனைக் கேட்கின்றனர். பெரும்பாலும் கிடைக்கும் பதில் "எங்கு கட்டணம் குறைவோ அங்கு செல்லுங்கள்" என்பதே. கட்டணம் முக்கியமானதுதான். ஆயினும் அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன என்பது எமது கருத்து. வாங்குபவர் எங்கே இருக்கின்றார்? பணம் யாருடைய பெயரிலுள்ள கணக்குக்கு வருகின்றது?

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம். வாங்குபவர் தமது அட்டை இலக்கத்தை இணையப் பக்கத்தில் பதிந்ததும், கொடுப்பனவு நுழைவாயில் எனப்படும் சேவை அதனை மறைகுறியாக்கி விற்பவரின் வங்கிக்கு அனுப்புகின்றது. அவ்வங்கி விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பின் ஊடாக, அட்டையை வழங்கிய வங்கியிடம் அனுமதி கேட்கின்றது. அனுமதி சில நொடிகளில் கிடைத்துவிடும். பணம் அவ்வாறு வருவதில்லை. அது சில நாள்களின் பின்னர், கட்டணம் கழிக்கப்பட்டே விற்பவரின் கணக்கில் சேரும். "பணம் வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது" என்ற செய்தியைக் கண்டு, மறுநாளே அதனை எடுத்துக் கடன் அடைக்கலாம் என்று எண்ணுவோர் ஏமாற்றமடைவது இதனாலேயே.

இவ்வசதியைப் பெற இலங்கையில் இரு வழிகள் உள்ளன. ஒன்று, வர்த்தக வங்கியொன்றிடம் நேரடியாக நுழைவாயில் பெறுவது. இதற்கு வைப்புப் பணம், ஆண்டுக் கட்டணம், இணையத்தளம், வியாபார வரலாறு எனப் பலவற்றை வங்கிகள் எதிர்பார்ப்பதுண்டு. மற்றது, பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற இடைநிலை நிறுவனங்களிடம் பதிவு செய்வது. பல சிறு வியாபாரிகளின் கொடுப்பனவுகளை ஒன்றுசேர்த்து வங்கியுடன் கொண்டு நடத்துவது இவற்றின் பணி. இணையத்தளம் இல்லாதவரும் கொடுப்பனவு இணைப்பொன்றை வட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் பெறலாம் என்பது சிறியவர்களுக்கு வாய்ப்பான விடயம். எந்த நிறுவனமாயினும் அது இலங்கை மத்திய வங்கியின் அனுமதியுடன் இயங்குகின்றதா என்பதை முதலில் பார்த்துவிடவேண்டும். அனுமதி பெற்றோரின் பட்டியலை மத்திய வங்கியே வெளியிடுகின்றது.

இனி, வாங்குபவர் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். அவர் கடை வாசலிலேயே நிற்பாராயின் நுழைவாயில் தேவையே இல்லை. வங்கியிடம் விண்ணப்பித்து லங்காகியூஆர் குறியொன்றைப் பெற்று ஒட்டிவைத்தால் போதும். இயந்திரம் வாங்கவேண்டியதில்லை, கட்டணமும் அட்டைக்குரியதைவிடப் பொதுவாகக் குறைவு. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ முறை இலங்கையில் தொடங்கிவைக்கப்பட்டது முதல், இந்தியப் பயணிகள் தமது தொலைபேசியாலேயே இக்குறியை ஸ்கேன் செய்து செலுத்த வழி ஏற்பட்டுள்ளது. தமது வங்கியின் குறியில் அவ்வசதி இயங்குகின்றதா எனக் கேட்டறிவது நன்று. ஆனால் இது நேரில் வரும் பயணிக்குரியது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் நீலகிரிக்குச் சென்று குடியேறிய உறவினர், கோத்தகிரியில் இருந்தபடி தேயிலைப் பொதிக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பிவிடலாம் என எண்ணிவிடக்கூடாது.

உள்நாட்டில் தொலைவில் இருப்பவருக்கு வங்கிக் கணக்கு மாற்றமே மலிவானது. இங்கு ஒரு எச்சரிக்கை அவசியம். பணம் அனுப்பியதற்கான பற்றுச்சீட்டின் படத்தைத் திருத்தி அனுப்பி ஏமாற்றுவோர் உள்ளனர். இலங்கை வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பணமாற்றம் பெரும்பாலும் நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும். ஆதலால் படத்தை நம்பாது, கணக்கைப் பார்த்த பின்னரே பொருளை அனுப்பவேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய இலக்கமோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ ஒருபோதும் தேவையில்லை, கேட்பவர் திருடரே.

வெளிநாட்டிலிருந்து முன்பதிவு செய்பவரிடம் பணம் பெறும் இடத்திலேதான் அட்டை நுழைவாயில் உண்மையில் தேவைப்படுகின்றது. உலகெங்கும் அறியப்பட்ட பேபால் சேவையைப் பொறுத்தவரை, இலங்கைக் கணக்கினால் பணம் செலுத்தலாம், பெற முடியாது என்பதே நெடுங்கால நிலையாக இருந்து வந்தது. இந்தத் தடையே வேறொரு பழக்கத்துக்கு வழிவகுத்தது. இலண்டனிலோ டொரன்டோவிலோ உள்ள உறவினரின் பெயரில் கணக்கைத் திறந்து, பணத்தை அங்கு பெற்று, பின்னர் இங்கு வரவழைப்பது. உறவு நன்றாக உள்ளவரை இது ஓடும். கணக்கு முடக்கப்பட்டால் விளக்கம் கூறும் உரிமைகூட உழைத்தவருக்கு இல்லை. அந்நாட்டின் வருமான வரி கணக்குக்காரரின் தலையில் விழவும் கூடும்.

பெயர் என்ற சிக்கல் வெளிநாட்டோடு முடிவதில்லை. தோட்டத்துக்குள்ளே அது இன்னும் கூர்மையானது. நுழைவாயில் நிறுவனம் கேட்பவை தேசிய அடையாள அட்டை, வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், அதே பெயரில் வங்கிக் கணக்கு, முகவரிக்கான சான்று. பதிவுக்கு பிரதேச செயலகத்தை நாடினால், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு, வியாபாரம் நடைபெறும் இடத்தின் உறுதியோ குத்தகை ஒப்பந்தமோ கேட்கப்படுவது வழக்கம். லயன் அறையில் வாழ்பவரிடம் உறுதி எங்கே உள்ளது? 1992இல் பெருந்தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் காணி அரசுடையதாகவே இருந்தது; தலைமுறைகளாகக் குடியிருப்போரில் மிகப் பலரின் பெயரில் ஒரு பேர்ச் நிலமும் இல்லை. கடிதங்கள்கூடத் தோட்டத்தின் பெயருக்கே வருகின்றன. ஆகவே தோட்ட முகாமையாளரின் சம்மதக் கடிதம் தேவையாகின்றது. அது கிடைக்காதபோது, நகரில் கடை வைத்திருக்கும் அறிமுகமான ஒருவரின் பதிவிலும் கணக்கிலும் தமது விற்பனையை நடத்துகின்ற நிலை உருவாகின்றது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பணம் அவருடையது. நாளை கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் பெண்ணுக்குக் காட்டுவதற்குத் தமது பெயரில் ஒரு வரவுப் பதிவும் இராது. மலிவான நிறுவனத்தைத் தேடி அலைவதற்கு முன்னர், இந்தக் கடிதத்துக்காக அலைவதே பயனுடையது. முடியாதவிடத்து, தனிநபர்களையும் பதிவு செய்யும் நிறுவனம் உண்டா என விசாரித்து, அதன் கட்டணம் சற்றுக் கூடுதலாயினும் ஏற்பதே மேல்.

கட்டணக் கணக்கு இனி எளிதாகிவிடும். ஆயிரம் ரூபா பெறுமதியான தேயிலைப் பொதியில் இலாபம் 150 ரூபா என்று கொள்வோம். கட்டணம் 3 சதவீதமாயின் 30 ரூபா கழியும். அது விலையில் சிறிதாகத் தெரிந்தாலும் இலாபத்தில் ஐந்திலொரு பங்கு. ஒரு நிறுவனம் மாதாந்தக் கட்டணமின்றி 3.5 சதவீதமும், மற்றொன்று மாதம் 3,000 ரூபாவும் 2.5 சதவீதமும் கேட்பதாக வைத்துக்கொண்டால், மாத விற்பனை மூன்று இலட்சத்தைத் தாண்டும்வரை முதலாவதே இலாபம். வெளிநாட்டு அட்டைகளுக்குக் கூடிய வீதம் அறவிடுவோரும் உளர். அதனைத் தனியாகக் கேட்கவேண்டும். இக்கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் சுமத்தி "அட்டை என்றால் மூன்று வீதம் கூட" என்று கூறுவது, வங்கியுடனான வணிகர் உடன்படிக்கைக்கு முரணானது என மத்திய வங்கி அறிவுறுத்தியுள்ளது. ஆகவே விலையை நிர்ணயிக்கும்போதே இதனையும் கணக்கில் கொள்வது நேர்மையான வழி.

பலரும் கவனியாத இடம் பணம் திரும்பிச் செல்லும் வழியாகும். அட்டை வைத்திருப்பவர் தமது வங்கியிடம் முறையிட்டால், மாதங்கள் கழிந்த பின்னரும் தொகை விற்பவரிடமிருந்து மீளப் பெறப்படலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கி, பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பேரிழப்பைச் சந்தித்து, மலையகப் புகையிரதப் பாதையும் சேதமுற்றதை நாம் மறந்துவிடவில்லை. இத்தகைய வேளையில் முன்பதிவுகள் மொத்தமாக இரத்தாகும். வாங்கிய முற்பணத்தை அரிசிக்கும் கூரைத் தகட்டுக்கும் செலவிட்டவர் எங்கிருந்து திருப்பிக் கொடுப்பார்? பணத்தைத் திருப்பினால் கழித்த கட்டணமும் திரும்புமா, எத்தனை நாள் தொகையை நிறுவனம் தடுத்துவைக்கலாம் என்பவற்றை ஒப்பமிடும் முன்னரே கேட்கவேண்டும். முற்பணத்தில் ஒரு பகுதியை விருந்தினர் வந்து சேரும்வரை தொடாதிருப்பதும் நன்று.

முஸ்லிம் வாசகர்களிடையே வட்டி குறித்த தயக்கம் ஒன்றும் நிலவுகின்றது. மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. நடைமுறையை மட்டும் கூறுவோம். கடனட்டையில் விற்பவருக்குக் கிடைப்பது பொருளின் விலையிலிருந்து சேவைக் கட்டணம் கழிந்த தொகை. வட்டி எழுந்தால் அது அட்டைக்காரருக்கும் அவரது வங்கிக்கும் இடையிலானது. பணம் சேரும் கணக்கை 2011இல் ஆரம்பமான அமானா வங்கியிலோ, ஏனைய வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளிலோ வைத்துக்கொள்ள இடமுண்டா என நுழைவாயில் நிறுவனத்திடம் வினவலாம். தவணைமுறை வசதிகளில் தாமதக் கட்டணம் விதிக்கப்படுவதுண்டு. அவற்றை ஏற்பதா என்பதைத் தனியாகத் தீர்மானிக்கவேண்டும்.

உடன்படிக்கை ஆங்கிலத்தில் மட்டும் நீட்டப்பட்டால், தமிழ்ப் பிரதி கேட்பதற்கு எவரும் கூசவேண்டியதில்லை. ஒப்பமிட்ட பின்னர், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு நூறு ரூபா செலுத்தச் செய்து, அது எத்தனை நாளில், எவ்வளவு கழிந்து வந்து சேர்கின்றது என்று பார்த்த பிறகே விளம்பரம் செய்வது உசிதம். வங்கியோ அனுமதி பெற்ற நிறுவனமோ முறைப்பாட்டுக்குச் செவிசாய்க்காவிடின், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.