கத்தி ஒருநாள், கவனிப்பு ஆயுள்முழுதும்

உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை பற்றிப் பலெர்மோவில் எம்மவர் பேசுவது குறைவு. பேசினாலும் தணிந்த குரலில்தான். 'வுச்சீரியா' என்ற பெயரே இறைச்சிக்கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ரெனாத்தோ குத்தூசோ 1974இல் வரைந்த ஓவியம் அச்சந்தையின் உணவுப் பெருக்கத்தைக் காட்டுகிறது. இச்சூழலில் வாழும் ஒருவர் இரைப்பையைச் சுருக்கிக்கொண்டால், 'வாயைக் கட்டத் தெரியாதவர் தேடிய குறுக்குவழி' என்று நாம் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். இத்தீர்ப்பு அநீதியானது மட்டுமல்ல, ஆபத்தானதுமாகும்.

நிறை குறையும்போது உடல் அதை எதிர்க்கிறது: பசி கூடுகிறது, சக்திச் செலவு குறைகிறது. இது மனவுறுதி சம்பந்தப்பட்ட விடயமல்ல. சத்திரசிகிச்சை இரைப்பையைச் சிறிதாக்குவதோடு பசியைத் தூண்டும் ஹோர்மோன்களையும் மாற்றுகிறது. முதல் ஒன்று, ஒன்றரை ஆண்டில் உடல்நிறையின் கால்பங்களவு குறையலாம். பின்னர் அதில் ஒரு பகுதி திரும்புவது சாதாரணம். அவ்வேளையில் வெட்கப்பட்டு வைத்தியரைத் தவிர்ப்பதுதான் தவறு.

இந்தத் துறையில் இத்தாலிக்குத் தனி இடமுண்டு. ஜெனோவாவில் நிக்கொலா ஸ்கோபினாரோ 1976இல் சிறுகுடலின் பாதையை மாற்றும் முறையைத் தொடக்கினார். நிறை பெருமளவு குறைந்தது. கூடவே புரதம், இரும்பு, கல்சியம் ஆகியவற்றின் குறைபாடும் வந்தது. ஆகவே நோயாளரைப் பல்லாண்டுகள் பின்தொடர்வது சிகிச்சையின் பகுதியாகவே ஆயிற்று.

எமது வாழ்முறையோடு இதைப் பொருத்திப் பார்க்கவேண்டும். விற்றமின் பி12 தாவர உணவில் இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் அதன் குறைபாடு ஆண்டுகள் கழித்தே, கால் விறைப்பாகவும் சோர்வாகவும் தலைகாட்டும். சைவ உணவுக்காரருக்கு இது இரட்டை அபாயம். வாந்தி தொடர்ந்தால் சில வாரங்களிலேயே விற்றமின் பி1 தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மாடிப்படி ஏறியிறங்கி வீட்டுவேலை செய்வோர் முழங்கால் வலிக்குத் தாமாக வாங்கும் இபுபுரோபன், இரைப்பை மாற்றுப்பாதை செய்தவருக்குப் புண்ணை உண்டாக்கலாம். பெண்கள் ஓராண்டுக்கு மேலாகக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது அவசியம்.

1978இல் உருவான அரச சுகாதாரசேவை சத்திரசிகிச்சையைச் செய்து தருகிறது. 2025இல் இத்தாலிய நாடாளுமன்றம் உடற்பருமனை நோயாகவே சட்டத்தில் ஏற்றது. ஆனால் விற்றமின் மாத்திரைகளைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் வாங்கவேண்டும். இரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஒரு காலைநேரச் சம்பளம் போய்விடும். வைத்தியர் சொல்வதை மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையை அழைத்துப்போகும் குடும்பங்களும் உண்டு. கவனிப்பு அறுந்துபோவது இவற்றால்தான். நோயாளியின் அசட்டையால் மட்டுமல்ல.

எனவே ஆயுள்முழுதும் தொடரவேண்டிய இச்சிகிச்சையை ஒருவர் இரகசியமாக நடத்தமுடியாது. எமது சங்கங்கள் மொழிபெயர்ப்புக்கு வளர்ந்தவர்களை அனுப்பலாம். விருந்துகளில், கொஞ்சமாய்ச் சாப்பிடுபவரின் கோப்பையில் மேலும் சோறு போடாமல் விடலாம். இரண்டாவதற்குப் பணமோ அனுமதியோ தேவையில்லை.